தாய்மாமனை விட்டுவிட்டு வந்த வான்

கணினி பொய் சொல்லாது என்பார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு எழுதிக் கொடுப்பவன் மடையனாக இருந்தால், மடத்தனத்தையும் ஒழுங்காகச் செய்து முடித்துவிடும். அந்த மடையன் நான்.

அக்காவின் கலியாணம் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் நடந்தது. நான் அப்போதுதான் இணையத்தளம் செய்யப் படித்து முடித்திருந்தேன். (முடித்ததாக நான்தான் சொல்லித் திரிந்தேன்.) கிளிவெட்டியிலிருந்து சொந்தக்காரரை ஏற்றி வரும் வானுக்கு ஒரு துண்டுக் கடதாசி போதும். நான் ஓர் இணையப் பக்கமே செய்தேன். சாரதி போனில் திறந்தால், ஏற்ற வேண்டிய ஆட்களின் பெயர்கள் வரும்.

"முதல் அண்ணான்ர பேரைப் போடு. தாய்மாமனுக்குப் பிறகுதான் மற்ற ஆக்கள்" என்றார் அம்மா. போட்டேன். அப்பா இல்லாத எங்களைப் படிப்பித்து ஆளாக்கியவர் மாமா. தாலி கட்டும் நேரம் தேங்காய் உடைக்க வேண்டியவரும் அவர்தான்.

கலியாணத்தன்று நான் மாப்பிள்ளைத் தோழன். தலைப்பாகை கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். வான் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். மாமா மட்டும் இறங்கவில்லை.

"அண்ணன் எங்க?" என்று அம்மா கேட்டார்.

"அவருக்குத் தனிக் கார் விட்டிருப்பியள் எண்டெல்லோ நினைச்சம்" என்றார் சின்னம்மா. "பட்டு வேட்டியோட வீட்டு வாசல் படலையடியில நிண்டவர். கை காட்டினவர். நாங்களும் கை காட்டினனாங்கள்."

சாரதியைப் பிடித்தேன்.

"அவற்ற பேர் வரேல்ல தம்பி. மேல மொத்தம் பதினொண்டு எண்டு கிடந்தது, கீழ பத்துப் பேர். என்னையும் சேர்த்தாக்கும் எண்டு விட்டிட்டன்."

மாமாவின் போனுக்கு அடித்தேன். முதல்நாளே உதவிக்கு வந்திருந்த மாமியின் கைப்பைக்குள் மணி அடித்தது. வானைத் திருப்பி அனுப்பினோம். ஆனால் அது போய் வருவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். "மாமன் முறையான ஆராவது ஒராள் உடைக்கட்டுமே?"

"ஏலாது ஐயா. மாமா வரட்டும்" என்றாள் அக்கா. கண்மை கரைந்து கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

மணவறைக்குப் பின்னால் போய், தலைப்பாகையோடு போனைத் திறந்தேன். தரவுத்தளத்தில் மாமா இருந்தார், அதுவும் முதல் வரிசையில். பக்கத்தில்தான் இல்லை. யோசிக்க நேரமில்லாமல் அவர் பெயரை இன்னொரு தரம் பதிந்தேன். இந்த முறை கடைசிப் பெயராக வந்தார். சந்தோஷத்தில் ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன்.

"அம்மா, மாமா வந்திட்டார்!"

அம்மா போனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "போனுக்க வந்து என்னடா பிரயோசனம்? மணவறைக்கு வரச் சொல்லு."

முகூர்த்தம் முடியச் சற்று முன், வாசலில் ஒரு மீன் லொறி வந்து நின்றது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமா குதித்தார். ஓட்டி வந்த கிண்ணியா முஸ்லிம் நானா என்னைக் கண்டதும் சிரித்தார். "தம்பி, வழி முழுக்க உங்களுக்குத்தான் ஏச்சு."

மாமா என்னைப் பார்த்தபடியே தேங்காயை உடைத்தார். ஒரு சில்லு பறந்து வந்து என் தலைப்பாகையில் பட்டது. சாம்பிராணியையும் மீறிச் சூடைமீன் மணந்தது. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

எல்லோரும் பந்தியில் இருக்கும்போது பிழையைப் பிடித்தேன். பெயர்கள் வருகின்றனவா என்று சோதிக்க, முதல் பதிவை மட்டும் எடுத்துப் பார்க்கும் ஒரு வரியை எழுதியிருந்தேன். பார்த்து முடிந்ததும் அதை அழிக்கவில்லை. ருசி பார்க்க எடுத்த வடை பந்திக்கு வராது. பக்கம் இரண்டாவது ஆளிலிருந்தே காட்டத் தொடங்கியது. எண்ணிக்கையை எடுத்தது வேறொரு கட்டளை. அது சரியாகத்தான் பதினொன்று என்றது. அம்மா சொன்னபடி மரியாதையாக முதலில் போட்டதால்தான் மாமா விடுபட்டார். இந்த விளக்கத்தை மாமாவுக்குச் சொன்னபோது, "சோத்தைத் தின்னு" என்றார்.

இப்போது அக்காவுக்கு ஒரு மகள். அவளுக்குக் காது குத்த நாள் வைத்தார்கள். ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. பிள்ளையை மடியில் வைத்திருக்க வேண்டிய தாய்மாமனான எனக்கு மட்டும் ஒரு சொல்லும் வரவில்லை. பொறுக்க முடியாமல் அக்காவைப் போனில் அழைத்தேன்.

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"உன்ர பேரைத்தானே முதல் எழுதினனான்" என்றாள். பின்னால் மாமா சிரிக்கும் சத்தம் கேட்டது.

நான் முதல்நாளே பஸ் ஏறிப் போய்விட்டேன்.