ரூட் கெனாலுக்கு ஒரு லோடு டெஸ்ட்

எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதவனுக்குக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர் என்று பெயர். வீட்டில் வேறு பெயர். (அச்சில் வராது.)

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எனக்கு அந்த வேலைதான். ஒரு போல்ட் உடைந்தாலும் ஐந்து முறை ‘ஏன்’ கேட்டு மூல காரணத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கென்றே ஒரு படிவம் உண்டு.

போன வருஷம் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்துகொண்டேன். பஜாரில் புதிதாகக் கிளினிக் திறந்திருந்த இளம் டாக்டரம்மா, இரண்டு மூன்று நாள் வலி இருக்கும், அப்புறம் குறைந்துவிடும் என்றார். ஆறாம் நாளும் வலித்தது. கம்பெனிப் படிவத்தை எடுத்து நிரப்பினேன். வேரில் ஒரு கால்வாய் விட்டுப்போயிருக்கலாம். அடைப்பு உயரமாக இருக்கலாம். உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். பல்லே மாறியிருக்கலாம். நாலும் டாக்டர் தலையில்தான். என் பெயருக்கு அதில் கட்டமே இல்லை.

கிளினிக்கில் காத்திருந்தவர்கள் காதில் விழ அதை வாசித்தேன். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். டாக்டரம்மாவின் முகம் வெளிறியது. ஆனாலும் என்னை உட்கார வைத்து எக்ஸ்ரே எடுத்தார். நீலத் தாளைக் கடிக்கச் சொல்லிப் பார்த்தார். வேர் சரி, உயரமும் சரி. தற்காலிக அடைப்பு மட்டும் உடைந்திருந்தது.

“இது ஏன் சார் உடைஞ்சுது?”

தெரியவில்லை என்றேன். கூட வந்திருந்த என் மனைவிக்குத் தெரிந்திருந்தது.

“அந்தப் பக்கம் கடிக்காதீங்கன்னு நீங்க சொன்னீங்க. இவுரு டெய்லி வறுத்த பட்டாணி கட்ச்சிப் பாத்துக்கினு கீறாரும்மா.”

“ஏன் சார்?”

“பல்லு ஸ்ட்ராங் ஆயிடுச்சான்னு… லோடு டெஸ்ட்.”

“ஏன் சார்?”

மூன்றாவது ‘ஏன்’. ஐந்து வரை போக வேண்டிய அவசியமே இல்லாமல், மூல காரணம் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

மறுபடி அடைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்டேன், வாயில் பஞ்சு இருந்ததால் அது இன்னொரு புகார் மாதிரிதான் கேட்டது. வெளியே வந்தபோது அந்த இரண்டு காலி நாற்காலிகளைப் பார்த்தேன். பல்வலி எவ்வளவோ பரவாயில்லை.

அன்றிலிருந்து கம்பெனியில் யாருக்குப் பல் வலித்தாலும் அவரிடமே அனுப்புகிறேன். பதினோரு பேர் போயாயிற்று. என் பெயரைச் சொன்னதும், “பட்டாணி சார் அனுப்பினாரா?” என்கிறாராம்.

வீட்டில் போன வாரம் மிக்சி ரிப்பேராகி வந்தது. பொத்தானில் நான் கை வைப்பதற்குள் மனைவி டப்பாவை நீட்டினாள்.

“இந்தா பட்டாணி. டெஸ்ட் பண்ணிக்க.”