பாகம் பிரித்த பெட்டி

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். அப்படி எழுதுவதுதான் முறை என்பதால் எழுதிவிட்டேன். உன்னைப் போனில் கூப்பிட்டால் மாப்பிள்ளை எடுத்து, "அவ குளிக்கிறா" என்கிறார். மாதக்கணக்காகவா ஒருத்தி குளிப்பாள்? கேட்கிற நிலையில் நான் இல்லை. சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்று நேராக உனக்கே எழுதுகிறேன்.

விஷயம் அப்பாவின் பெட்டிதான். அப்பா எடுத்த வீட்டு வீடியோ எல்லாவற்றையும் நாலு டிஸ்க் போட்ட அந்தப் பெட்டியில் மாப்பிள்ளைதான் ஏற்றிக் கொடுத்தார். அப்பா போனபின் நாம் நாலு பேரும் சாமான் பிரித்த அன்றைக்கு, நடுவுலவன் அதைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தான். டிஸ்க் நாலு, இடம் காட்டியதோ மூன்றுக்குத்தான். "ஒரு டிஸ்க் அளவு இடம் எங்கே போச்சு?" என்று மாப்பிள்ளையைப் பார்த்தானே ஒரு பார்வை. அவரும் பாவம், "யாரும் எடுக்கல மச்சான், வீடியோவைத் துண்டு துண்டா பிரிச்சு எல்லாத்துலயும் போடும், கூடவே கூட்டுத்தொகை மாதிரி ஒண்ணையும் எழுதி வைக்கும், அதுக்குத்தான் அந்த இடம், ஒரு டிஸ்க் செத்தாலும் மத்த மூணை வச்சுக் கழிச்சுக் கண்டுபிடிச்சுடலாம்" என்று தொண்டைத் தண்ணி வற்றச் சொன்னார். யார் காதில் ஏறியது? "கணக்குன்னா கணக்கா இருக்கணும்" என்று நான் பொதுவாகத்தான் சொன்னேன். உனக்கு முகம் சிவந்துவிட்டது. சண்டை முற்றாமல் இருக்கட்டும் என்று சின்னவன் டிஸ்குகளைக் கழற்றி ஆளுக்கு ஒன்று கொடுத்தான், நல்ல யோசனை என்று நானும் தலையாட்டினேன், நீ உன் பங்கைப் பையில் போட்டுக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய்.

வீட்டுக்கு வந்து மாட்டினால், "இதில் ஒன்றுமில்லை, அழித்துப் புதிதாக்கவா?" என்று கேட்கிறது. சரி, காலி டிஸ்கை என் தலையில் கட்டிட்டான்னு சின்னவன் மேல எனக்குச் சந்தேகம், அவனுக்கும் அதே கேள்வி வந்து அவனுக்கு என் மேல சந்தேகம், நடுவுலவன் யாரையும் சந்தேகப்படாம 'ஆம்'னு தட்டிட்டு முழுக்க சினிமாவா ரொப்பி வச்சிருக்கான். எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி, சொல்லு. கடைசியில் ரிப்பேர் கடைக்காரரிடம் போனால், அவர் மாப்பிள்ளை சொன்னதையே சொல்கிறார். தனித்தனியாக எதையும் படிக்க முடியாதாம். ஒன்று போனால் பரவாயில்லை, மீதி மூன்றும் சேர்ந்தால் எல்லாம் திரும்ப வருமாம். என்னுடையது இருக்கிறது, சின்னவனுடையது இருக்கிறது. மூன்றாவது உன்னிடம்.

அம்மா பேசுவது அந்த வீடியோக்களில் மட்டும்தான் இருக்கிறது. எனக்கு முகம் நினைவிருக்கிறது, குரல் வரமாட்டேன் என்கிறது. பயமாக இருக்கிறது. ஒரு நப்பாசையில் தினமும் என் டிஸ்கை மாட்டி மாட்டிப் பார்க்கிறேன். மாப்பிள்ளையிடம் நாங்கள் மூவரும் மன்னிப்புக் கேட்கிறோம். டிஸ்கை எடுத்துக்கொண்டு ஒரு நடை வந்து போ.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பெரியண்ணன்

பி.கு.: இதை எழுதும்போது கம்ப்யூட்டர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டது. தொல்லை விட்டால் போதும் என்று எதையோ தட்டிவிட்டேன் போலிருக்கிறது. கையெழுத்துப் போட்டு, சாப்பிட்டு, தூங்கி எழுந்து பார்த்தால் நீலக் கோடு முழுசாக ஓடி முடிந்திருக்கிறது. கடைக்காரர், "சுத்தமா துடைச்சுட்டீங்க சார். ரெண்டு போச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்கிறார். ஆகவே டிஸ்க் வேண்டாம். நீ மட்டும் வாம்மா. வந்து என்னை ஆசை தீரத் திட்டு. கோபம் வந்தால் உனக்கு அப்படியே அம்மா குரல் என்று அண்ணி சொல்கிறாள். தம்பிகளிடம் சொன்னேன்; நாங்களும் வந்து ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறோம் என்கிறார்கள்.