தரையை மட்டும் நம்புகிறவர்

விமானம் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அடையாளம் காண்பது எளிது. சாலையில் யமனோடு தோள் உரசிக்கொண்டு போவார், ஆகாயத்தைப் பார்த்தால் மட்டும் உயிர்மேல் ஆசை வந்துவிடும்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் மளிகைக்கடை வைத்திருக்கும் மெய்யநாதன் இந்த இனத்தின் அசல் வித்து. காரை ஓட்டிக்கொண்டே ரம்புத்தான் உரிப்பார், தோலைப் போடப் பை தேடுவார், போனில் கோலாலம்பூர் வியாபாரியிடம் மிளகாய் விலை பேசுவார், எதிரே கோயில் வந்துவிட்டால் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அந்த நேரம் பக்கத்திலிருந்து மனைவி பொன்னம்மை கையை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்வாள். கல்யாணமான நாள்முதல் இதுதான் ஏற்பாடு.

பக்கத்துக் கடை ராம்நாத், காரைவிட விமானம்தான் பத்திரம் என்று கணக்குக் காட்டினான். மெய்யநாதன் அசரவில்லை.

"காடில ஸ்டேரிங் என் கையில இருக்கு தம்பி. பிளேன்ல யார் கையில இருக்கு லா? அவன் மூஞ்சியக்கூட நாம பார்த்ததில்ல."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

விதி மகள் உருவில் வந்தது. கௌரிக்குக் கோத்தா கினபாலுவில் பட்டமளிப்பு விழா. நடுவே கடல், எந்தப் புண்ணியவானும் அதன்மேல் இன்னும் சாலை போடவில்லை. ஒரே மகள், குடும்பத்தில் முதல் பட்டம், அப்பா கட்டாயம் வரவேண்டும் என்கிறாள். மனிதர் சோறிறங்காமல் கிடந்து, கடைசியில் சரி என்றார்.

விமான நிலையம்வரை நானே ஓட்டுவேன் என்றார். அதுவரையாவது பத்திரமாகப் போகலாமாம். மகளுக்குச் சுட்ட முறுக்கு நொறுங்கக் கூடாதென்று டின்னை முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டார். பொன்னம்மை பின்சீட்டுக்குப் போனாள். விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸ் போகும் வழியில் கோயில் வந்தது. விமானம் ஏறும் நாளல்லவா, கையை எடுத்ததோடு கண்ணையும் மூடிக்கொண்டு நீளமாகவே வேண்டினார்.

முறுக்கு டின் கையை நீட்டவில்லை.

கார் சாலையோரக் கால்வாயில் மூக்கை நுழைத்து நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை. பொன்னம்மை இறங்கினாள், சேலையை உதறினாள், டின்னைத் தூக்கிக்கொண்டு ஒரு டாக்சியை நிறுத்தினாள்.

"நீங்க காடியப் பாருங்க. நான் புள்ளயப் பார்க்கப் போறேன்."

சற்று நேரத்தில் மகள் போனில் அழைத்தாள். மெய்யநாதன் முந்திக்கொண்டார்.

"பார்த்தியாம்மா, பிளேன் எவ்ளோ ஆபத்துன்னு? ஏறுறதுக்கு முன்னயே இப்படி."

கௌரி, அம்மாவாவது வருகிறாளா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

விழா முடிந்து படம் வந்தது. கறுப்பு அங்கியில் மகள், ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் யாரும் இல்லை. மெய்யநாதன் விரலால் படத்தைப் பெரிதாக்கினார், கண்ணைத் துடைத்தார், அந்த வெற்றிடத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். அப்போது அவர் எங்கே இருந்தார் என்கிறீர்கள்? பினாங்குப் பாலத்தின் நடுவே, கால்வாயிலிருந்து தூக்கிய அதே காரில், லாரிகளுக்கிடையே பறந்துகொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் சிக்னலில் பச்சை விழுந்து நேரமாகிறது, பின்னாலிருப்பவன் ஹாரன் அடிக்கிறான். இதை ஓரமாக வைத்துவிட்டு முதலில் காரை எடுங்கள்.