உன் அக்கா அரசியலுக்கு வந்த விவரம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

இங்கு நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் நீ பதறிப்போய் போன் செய்வாய். ஆகையால் இங்கு நானும் என் மகளும் இருக்கிறோம். அங்கு நீயும் வீட்டாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

விஷயம் என்னவென்றால், உன் அக்கா இறந்து ஒரு மாதம் கழித்து அரசியலில் சேர்ந்துவிட்டாள். சேர்த்துவிட்டது நான்தான், தெரியாமல்.

வருகிற மாதம் முதல் ஞாயிறு அவளுக்கு நினைவுக் கூட்டம் வைத்திருந்தது உனக்குத் தெரியும். அவள் பள்ளிக்கூட வேனில் ஏற்றி இறக்கிய பிள்ளைகள் ஆளாகி எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்களுக்கு எப்படிச் சொல்வது? "நெட்ல காசு கட்டி விளம்பரம் போட்டா இந்த ஊர்க்காரங்க போன்ல எல்லாம் வரும்ப்பா" என்றாள் மகள். ஆயுசு முழுக்க அச்சகம் நடத்தி ஊராருக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தவன், என் வீட்டு நோட்டீஸை நானே எழுதினேன். 'உங்களைப் பத்திரமாகப் பள்ளிக்கூடம் கொண்டு சேர்த்தவள், தெருவுக்குப் பின்னால் டயர் எரிக்கும் ஆலையின் புகையால் நுரையீரல் கெட்டு இறந்தாள். அவள் வேனில் போனவர்கள் முதல் ஞாயிறு வாருங்கள்.' வேன் கதவைப் பிடித்தபடி அவள் சிரிக்கும் படத்தையும் என் போன் நம்பரையும் சேர்த்தோம். காலையில் போட்டதை மத்தியானச் சாப்பாட்டுக்குள் அந்த நெட் கம்பெனிக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். உன் அக்கா முகத்துக்கு மேலேயே 'அரசியல் மற்றும் சமூகப் பிரச்சினை' என்று ஒரு முத்திரை. தேர்தல் விளம்பரத்துக்கு உள்ள விதியெல்லாம் இதற்கும் உண்டாம். அடையாள அட்டை காட்ட வேண்டும், பணம் செலுத்தியவர் யார் என்று போட வேண்டும்.

விதியை நான் குறை சொல்லவில்லை. மொட்டை நோட்டீஸ் அடிக்கச் சொல்லி வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவன்தானே நான். யார் காசு என்று ஊருக்குத் தெரியத்தான் வேண்டும். ஆனால் 'பணம் செலுத்தியவர்: கணவன்' என்று போட்டால், அப்படி ஓர் அமைப்பு பதிவில் இல்லை என்று பதில் வருகிறது. சரி, அட்டையைக் காட்டினேன். அட்டையில் இருப்பது சதைப்பிடிப்பான முகம். ஒரு மாதமாக ஒழுங்காகச் சாப்பிடாத இந்த முகத்தை அதன் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே ஆள் இல்லையாம்.

"அந்தப் புகையை எடுத்துடுங்கப்பா, விட்டுடுவாங்க" என்றாள் மகள்.

"எடுத்துட்டா அவ எதனால செத்தான்னு எப்படிச் சொல்றது?"

"சும்மா காலமானார்னு போடுங்க."

"ஐம்பத்தாறு வயசுல சும்மாவா காலமானா?" என்று கத்திவிட்டேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். பிறகு எடுத்தேன். ஆலையை எடுத்தேன், புகையை எடுத்தேன். டாக்டர்களே கைவைக்கப் பயந்த நுரையீரலை நான் ஒற்றை விரலால் எடுத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, கடைசியில் 'முதல் ஞாயிறு வாருங்கள்' என்பதுதான் மிஞ்சியது. உடனே அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஏதோ கடை திறக்கிறோம் என்று நினைத்து, தள்ளுபடி உண்டா என்று நாலைந்து பேர் கேட்டிருந்தார்கள்.

அதற்கு அடுத்தாற்போலவே இன்னொரு விளம்பரம் வந்தது. பச்சை வயல், ஓடிவரும் குழந்தை, 'உங்கள் மூச்சே எங்கள் அக்கறை'. போட்டது அதே டயர் ஆலை! அதற்கு அட்டையும் கிடையாது, முத்திரையும் கிடையாது. கேட்டால் அது வியாபாரமாம். மூச்சு நின்றுபோனதைச் சொன்னால்தான் அரசியலாம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

நீ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவன். அவர்களுக்குப் புரிகிற மாதிரி நீயே எழுது. என் அக்கா எந்தக் கட்சியிலும் இல்லை, யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று கட்டின புருஷனிடம்கூடச் சொன்னதில்லை, அந்த முத்திரையை எடுத்துவிடுங்கள் என்று எழுது. கூட்டத்தை நிறுத்திவிட்டேன். யாரும் வரப்போவதில்லை. நீயும் டிக்கெட்டை ரத்து செய்துவிடு.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு நூறு வருஷம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பணம் செலுத்தியவர்,
உன் அக்கா புருஷன்.

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் ஒரு பெண் போன் செய்தாள். அவள் குழந்தைக்கு இழுப்பாம். அந்த ஆலையைப் பற்றி யாராவது ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று, அரசியல் விளம்பரங்களையெல்லாம் சேர்த்து வைக்கும் இடத்தில் தேடியிருக்கிறாள். வந்தது உன் அக்காதான். நிறுத்தினாலும் அழிக்க மாட்டார்களாம். யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஏழு வருஷம் வைத்திருப்பார்களாம். முதலில் எழுதியது ஒரு வார்த்தை குறையாமல், புகையும் நுரையீரலுமாக, அப்படியே இருக்கிறதாம். "வேன் ஆன்ட்டிதானே அங்கிள்? எனக்கு வாந்தி வரும்னு எப்பவும் கதவோரம் உட்கார வைப்பாங்க. ஞாயித்துக்கிழமை நான் வர்றேன், மத்தவங்களையும் கூட்டிட்டு வர்றேன்" என்றாள். ஆகையால் நீ யாருக்கும் ஒன்றும் எழுதாதே. டிக்கெட்டையும் ரத்து செய்யாதே. முத்திரை இருந்துவிட்டுப் போகட்டும். ஏழு வருஷம் உன் அக்கா அங்கே வேன் கதவைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நிற்பாள். அதற்குமேல் எனக்கும் தேவைப்படாது.