நல்ல பந்துக்கு மரியாதை

விழுப்புரம் ஜங்ஷனில் ஓடுகிற ரயிலைக்கூடக் கைகாட்டி நிறுத்திவிடலாம். கட்டை சாரை அவுட்டாக்க முடியாது. எங்கள் ஆபீஸ் டீமில் முதலில் இறங்குபவர் அவர்தான். வருகிற பந்துக்கெல்லாம் கட்டை போடுவார், அடிக்க மாட்டார். ஒரு இரண்டு நாள் மேட்சில், எதிரணி பௌலர் சலூனுக்குப் போய் சவரம் செய்துகொண்டு திரும்பினான். போனபோதும் சார் எட்டு ரன், வந்தபோதும் எட்டு.

நான் சிக்ஸர் அடிக்கிறவன். ஆனால் டீக்கடையில் பேச்செல்லாம் அவரைப் பற்றித்தான். எனக்கு வயிறு எரியும்.

அப்போதுதான் திண்டிவனத்துக்காரர்கள் புதுசாக ஒன்று சொன்னார்கள்: அணிக்கு இருபது ஓவர், சாயங்கால ரயிலுக்குள் மேட்ச் முடிந்துவிடும். எனக்கென்றே செய்த ஆட்டம்! மல்லாட்டைக் கொல்லைகளில் கடலை பிடுங்கும் கூலி வேலை பார்த்து என்னைப் படிக்கவைத்த நைனாவை முதல்முறையாக மேட்ச் பார்க்கத் திண்டிவனத்துக்குக் கூட்டிப்போனேன். பிள்ளை ஜெயிப்பதை அவர் பார்க்க வேண்டும்.

கடைசி ஓவர். ஜெயிக்க நாலு ரன். அறுபது அடித்துவிட்டு நான் மறுமுனையில் நிற்கிறேன். பந்தை எதிர்கொள்வது கட்டை சார்.

"சார், ஒரே ஒரு ரன்னு ஓடி வாங்க. மீதிய நான் பாத்துக்கறேன்!"

"நல்லா போடுறான் தம்பி. நல்ல பந்துக்கு மரியாதை குடுக்கணும்."

ஆறு பந்துக்கும் மரியாதை கொடுத்தார். தோற்றோம்.

"என்னா சார், இப்படிப் பண்ணிட்டீங்களே!"

"நான் அவுட்டா?"

"இல்ல சார்."

"நீ?"

"இல்ல."

"அப்புறம் எப்படித் தோத்தோம்? மீதிய வர்ற ஞாயித்துக்கெழம ஆடிக்கலாம்."

ரயிலில் நைனா வாயே மூடவில்லை. "எத்தினி பேரு சுத்தி நின்னுக்கினு இருந்தாங்க! அந்த மூணு குச்சிய ஒருத்தனால தொட முடிஞ்சுதா? அவருதாண்டா ஆளு!"

"நான் அடிச்சது, நைனா?"

"நீ தூரமா தூரமா அடிச்சுட்ட. பாவம், அந்தப் பசங்க பந்தத் தேடிக்கினு ஓடுனாங்க."



அடுத்த ஞாயிறு சார் நிஜமாகவே மட்டையோடு திண்டிவனத்துக்கு ரயில் ஏறினார். பார்த்துச் சிரிக்கலாமென்றுதான் நானும் ஏறினேன். மைதானத்தில் இரண்டு எருமைகள் மட்டும் மேய்ந்துகொண்டிருந்தன. சார் குச்சிகளை நட்டார், காலால் கோடு கிழித்தார், மட்டையை ஊன்றிக் குனிந்து நின்றார், எந்த நிமிஷமும் பந்து வரும் என்பதுபோல.

சிரிப்பு வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுமுனையில் போய் நின்றேன். நானும் இன்னும் அவுட்டாகவில்லையே.