விக்டோரியா ரோட்டைக் கடந்த வைபவம்

பார்வையற்ற இளைஞர்கள் யாரையும் எதிர்பாராமல் தங்கள் சொந்தக் காலிலேயே நிற்க வேண்டும் என்று எழுபத்தெட்டாம் வருஷக் கோடையில் சர்க்கார் தீர்மானித்தது. அதுவரை அவர்கள் யார் காலில் நின்றுகொண்டிருந்தார்கள் என்று நீங்கள் கேட்கக் கூடாது. தீர்மானம் என்றால் அப்படித்தான் இருக்கும்.

திருவள்ளூரில் லீவு விட்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் 'சுயசார்பு வாழ்க்கைக் கோடைகாலப் பயிற்சி முகாம்' என்று பேனர் கட்டினார்கள். தனி அலுவலராக வந்தவர் பரசுராமன். நல்ல மனுஷர். கொஞ்சமாவது கெட்ட எண்ணம் இருந்திருந்தால் இத்தனை அவஸ்தை வந்திருக்காது.

முதல் நாள் காலையில் விக்டோரியா வந்து நின்றாள். இருபது வயசு. அம்மை போட்டுச் சின்ன வயசிலேயே இரண்டு கண்ணும் போய்விட்டது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஊடு, அப்பா தானியேலுக்கு இரும்பு ஆலையில் வேலை. அங்கே புதுசாக முளைத்த தொழிற்பேட்டையில் ஒரு நட்டு போல்ட்டு கம்பெனி. அதன் மானேஜர் ராஜவேலு, "தனியா வந்து போவேன்னு சர்க்கார்ல எழுதிக் குடுத்தா பேக்கிங்ல வேலை போட்டுத் தர்றேன்" என்று சொல்லியிருந்தார். அந்த வேலைக்காகத்தான் அவள் வந்தாள்.

"யாரும்மா உன்னைக் கூட்டி வந்தது?" என்றார் பரசுராமன்.

"யாருமில்ல சார். நானேதான். கும்மிடிப்பூண்டில ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜ்ல மாறி, ஸ்டேஷன்லேருந்து நடந்து வந்துட்டேன்."

பரசுராமன் முகம் சுண்டிப்போனது. "என்னம்மா இப்படிப் பண்ணிட்டே! தனியா நடமாட முடியாதவங்களுக்குத்தான் இந்த முகாம். விதிப்படி உன்னைச் சேர்க்க முடியாதே."

"அப்போ தனியா நடமாடுவேன்னு சர்டிபிகேட் குடுத்துருங்க சார். போய்க்கினே இருக்கேன்."

"பயிற்சி எடுக்காதவங்களுக்கு எப்படிம்மா சர்டிபிகேட் தர்றது?"

"சரி, பயிற்சி குடுங்க."

"தனியா வந்தவளுக்கு எப்படிம்மா பயிற்சி தர்றது?"

பியூன் துலுக்காணம் மட்டும் அன்றைக்கு இல்லாவிட்டால் அவர்கள் இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருப்பார்கள். அவன் பேசாமல் விக்டோரியாவின் கையைப் பிடித்து கேட்டுக்கு வெளியே கொண்டுபோய், ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப உள்ளே அழைத்து வந்தான். "சார், இந்தப் பொண்ண நான் இட்டுகினு வந்துக்கிறேன். பாவம், தனியா வரத் தெரியாது."

"அப்படிச் சொல்லு!" என்றார் பரசுராமன். சேர்த்துக்கொண்டார்.

பயிற்சி அமர்க்களமாக நடந்தது. சமையல் வகுப்பில் தீப்பட்டால் யார் பொறுப்பு? ஆகவே அடுப்பு இல்லை. அடுப்பில்லாமல் அரிசி எதற்கு? அரிசியும் இல்லை. வெறும் பானையில் வெறும் கரண்டியால் கிண்டி, வெந்துவிட்டதா என்று நசுக்கிப் பார்க்கச் சொன்னார்கள். பஸ் ஏறும் வகுப்புக்கு நாலு பெஞ்சு போட்டு, துலுக்காணம் கண்டக்டராக நின்று, "உள்ள போ, உள்ள போ" என்று கத்தினான். ஆனால் பெஞ்சில் தடுக்கி விழுந்தால்? அதனால் ஒவ்வொருவருக்கும் இரண்டு சேவகிகள். மாதர் சங்கத்து அம்மாக்கள் வலக்கைக்கு ஒருவர், இடக்கைக்கு ஒருவர் என்று பிடித்துக்கொண்டார்கள். நாஷ்டாவையும் அவர்களே ஊட்டிவிட்டார்கள்.

"அக்கா, மூக்கு அரிக்குது. ஒரு கையையாவது உடுங்களேன்" என்று கெஞ்சினாள் விக்டோரியா.

"நாங்க எதுக்கும்மா இருக்கோம்?" என்று அந்த அம்மாள் அன்போடு சொறிந்துவிட்டார். ஊட்டில் நாலு பேருக்குப் பொங்கிப் போடுகிற பொண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டாள். வேலை வேண்டுமே.

கடைசி நாள் பரீட்சை. சென்னையிலிருந்து டைரக்டர் வந்து, நெற்றியில் சந்தனமும் கழுத்தில் மாலையுமாக உட்கார்ந்திருந்தார். யார் துணையும் இல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு எதிரே போகிற திருத்தணி ரோட்டைக் கடக்க வேண்டும். முதல் பெயர் விக்டோரியா. பரசுராமன் பாதுகாப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. போலீசைக் கொண்டு இரண்டு பக்கமும் போக்குவரத்தை நிறுத்திவிட்டார். கைவண்டிகூட அசையக் கூடாது என்று உத்தரவு. அம்மாக்கள் கையை விட்டார்கள். ஊசி விழுந்தால் கேட்கும்.

விக்டோரியா நின்றது நின்றபடி நின்றாள்.

"போம்மா! ஒரு ஈ காக்கா கிடையாது."

"அதான் சார் பேஜாரு. வண்டிங்க ஓடுற சத்தத்தை வெச்சித்தான் ரோடு எங்க கீது, எப்போ தாண்டணும்னு எனக்குத் தெரியும். நீங்க ரோட்டையே நிறுத்திட்டீங்களே. வண்டிய உடுங்க சார்."

"வண்டி விட்டா ஆபத்து. சத்தம்தானே வேணும்?" என்றார் பரசுராமன். ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அலுவலகத்து ஆட்கள் எல்லாரையும் ரோட்டோரம் வரிசையாக நிற்கவைத்து, வாகனம் போலச் சத்தமிடும்படி வாய்மொழி ஆணை பிறப்பித்தார்.

அதில் சீனியாரிட்டித் தகராறு வந்தது. லாரிச் சத்தம் போடும் தகுதி கெஜட்டட் அதிகாரிக்கு மட்டும்தான் என்று ஒருவர் சொன்னார். தலைமை எழுத்தர் பஸ்ஸானார். டைப்பிஸ்ட்டுக்கு சைக்கிள் மணி. மாட்டு வண்டியாக இருக்க மாட்டேன் என்று ரெவின்யூ இன்ஸ்பெக்டர் முரண்டு பிடித்து, கடைசியில் மோட்டார் சைக்கிளாகப் பதவி உயர்வு வாங்கிக்கொண்டுதான் ஒத்துக்கொண்டார். "டுர்ர்ர்", "பாம் பாம்", "கிணிங் கிணிங்" என்று சர்க்காரே ஓடத் தொடங்கியது.

விக்டோரியா காதைக் கொடுத்துக் கேட்டாள். "சார், லாரி இருமுது சார்" என்றாள்.

இதற்குள் வண்டிகள் திருப்பாச்சூர் வரைக்கும் நின்றுவிட்டன. நான் அந்த வரிசையில் ஒரு பஸ்ஸில் வெந்துகொண்டிருந்தேன். மே மாசத்து உச்சி வெய்யில். எங்களுக்குப் பின்னால் ஒரு கார். திருத்தணியில் மொட்டை போட்டுக்கொண்டு திரும்புகிற ராஜவேலு, அதாவது அதே மானேஜர், காரை விட்டு இறங்கித் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"இன்னாய்யா இது? மந்திரி வர்றாரா?"

விசாரித்துக்கொண்டு வந்த எங்கள் கண்டக்டர் சொன்னான்: "மந்திரி இல்ல சார். விக்டோரியான்னு யாரோவாம். அவங்க ரோட்டைத் தாண்டணுமாம்."

"ஒரு ஆளு தாண்டவா?" ராஜவேலுவின் வாய் மூடவில்லை. வைய வாயெடுத்தவர் பயபக்தியோடு மூடிக்கொண்டார்.

முன்னால் நின்ற லாரி டிரைவருக்கு அந்தப் பக்தியெல்லாம் கிடையாது. ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. அவனைப் பார்த்து எல்லா வண்டியும் உறுமியது. கான்ஸ்டபிள் ஓரமாக ஒதுங்க, மொத்தமும் கிளம்பியது. லாரி, பஸ், மோட்டார் சைக்கிளாக இருந்த அதிகாரிகள் தலைதெறிக்க ஓடிப் பள்ளிக்கூடத்துச் சுவரேறினார்கள்.

"அப்பாடா, இதாண்டா ரோடு!" என்றாள் விக்டோரியா. கம்பை நீட்டி, கையைத் தூக்கி, இரண்டு வண்டிக்கு நடுவில் இடம் கேட்டு, அந்தப் பக்கம் போய் நின்றாள். டைரக்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கைதட்டினார். டைரக்டர் தட்டியதால் பரசுராமன் தட்டினார். சர்டிபிகேட் கிடைத்தது.

திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். ராஜவேலு அதைப் படிக்கவே இல்லை. பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்கதானாம்மா அது? மேலிடத்துல இவ்ளோ செல்வாக்குன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"இன்னா செல்வாக்கு சார்?"

"திருத்தணி ரோட்டையே நிறுத்தறதுன்னா சும்மாவா? எனக்குத் தெரியும், நீங்க சொல்ல மாட்டீங்க."

நாற்காலி போட்டார்கள். ஃபேன் போட்டார்கள். கலர் சோடா வந்தது. வேலை மட்டும் வரவில்லை. ஒரு நாள் பொறுத்தாள், இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"குந்திகினு சோடா குடிக்கவா சார் நான் வந்தேன்? அங்க கையப் புடிச்சிகினு வுடல. இங்க கைல ஒண்ணும் குடுக்கல. நட்டைக் குடுங்க, போல்ட்டைக் குடுங்க, நான் வேலை செய்யணும்!"

அவளாகவே பேக்கிங் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்து போல்ட்டுக்கு நட்டு மாட்டத் தொடங்கினாள். ராஜவேலு மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்: "பெரிய இடத்துப் பிள்ளைங்க எவ்ளோ எளிமையா இருக்காங்க பாருங்கய்யா!"

இந்தச் செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. அந்த முகாமுக்குப் போனால் ரோடு நிற்கும், மானேஜர் எழுந்து நிற்பார், கையோடு வேலை என்று பொன்னேரியிலிருந்து பொதட்டூர்பேட்டை வரை பேச்சு.

அடுத்த கோடையில் விக்டோரியா தன் பக்கத்து ஊட்டு ரத்னாவைக் கூட்டிக்கொண்டு முகாமுக்கு வந்தாள். ரத்னாவுக்குப் பிறவியிலேயே கண் இல்லை. அவளுக்கும் ஒரு வேலை வேண்டும். பள்ளிக்கூட வாசலில் திருவிழாக் கூட்டம். பெல்பாட்டமும் கூலிங் கிளாசுமாக வாட்டசாட்டமான பையன்கள். ஒவ்வொருவனையும் அப்பனோ மாமனோ கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தான்.

"இடம் நிறைஞ்சு போச்சேம்மா" என்றார் பரசுராமன்.

"சார், இங்க இருக்கறவங்க முக்காவாசிப் பேருக்குக் கண்ணு தெரியுது சார்! அதோ, ஒருத்தன் பேப்பரை சத்தமா படிச்சிகினு கீறான். எனக்கே கேக்குது."

பரசுராமன் குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியாதா? போன வருஷம் நான் பட்ட பாடு போதும்மா. இந்தப் பிள்ளைங்க அடுப்பில்லாம சமைப்பாங்க, பெஞ்சுல பஸ் ஏறுவாங்க, ரோட்டை நிறுத்தினா நேரா தாண்டுவாங்க. முகாம் நூத்துக்கு நூறு வெற்றின்னு மேலிடத்துப் பாராட்டு வரப் போகுது. இந்த நேரத்துல கண்ணு தெரியாதவங்களை உள்ளே விட்டா எல்லாம் கெட்டுப் போயிடும்."

விக்டோரியா என்னென்னவோ கேட்டாள், கத்தினாள். பேப்பர் படித்தவன் நிறுத்தவே இல்லை. படிப்பில் கெட்டி, என் பையன்.