ஜெனீவா போய் வந்தவர்கள்

வேனிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். கலையரசனின் செல்போனிலும் பயோடேட்டாவாக மூன்று பேர் இருந்தார்கள். இந்த மூவரில் அந்த மூவர் யார் யார் என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

மேலாளர் பாண்டுரங்கனின் காதருகே போனான். "சார், இதுல தசரதன் சார் யாரு? அருணகிரி சார் யாரு?"

"யாரா இருந்தா இன்னா? மூணு பேருமே நிபுணருங்கதான். மாலைய எடுத்து வை."

"மேடையில அறிமுகம் படிக்கணுமே சார். ஆபீஸ்ல அனுப்பன பயோடேட்டாவுல போட்டோ இல்ல."

"படி. ஒரு எழுத்து விடாம படி. வீடியோவுல அது வந்தாகணும். ஆனா அவங்ககிட்ட போயி நீங்க யாருன்னு மட்டும் கேட்டு வைக்காத. பெரிய மனுஷங்க. மூஞ்சிய திருப்பிக்கினு வண்டி ஏறிட்டாங்கன்னா உன் வேலையும் அதே வண்டியில போய்டும்."

சொல்லிவிட்டு அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வீடியோக்காரரைப் பார்க்கப் போனார். இணையத்தில் படம் தேடலாம் என்றால், ஜவ்வாது மலையின் அந்த மூலையில் சிக்னல் என்பது வேண்டுதல் வைத்துப் பெற வேண்டிய பொருள்.

கலையரசனுக்குச் சொந்த ஊர் கண்ணமங்கலம். எம்.ஏ. பொருளாதாரம். மலைக் கிராமங்களில் சாமை வாங்கி விற்கும் ஒரு உற்பத்தியாளர் நிறுவனத்தில் ஒப்பந்த அமைப்பாளர். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இன்றைய கூட்டம் நல்லபடியாக நடந்தால் நீட்டிப்பதாகப் பாண்டுரங்கன் சொல்லியிருந்தார்.

ஆனால் அவன் கவலை அது மட்டுமில்லை. மேடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், சாமையின் தோலை நீக்கும் இயந்திரம் ஒன்று தார்ப்பாய்க்குள் கிடந்தது. வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அது ஓடவில்லை. அதற்குத் தேவையான மும்முனை மின்சாரம் ஊருக்கு வரவில்லை. அதனால் மலை ஜனங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடிவாரத்து மில்லுக்கு இறங்கினார்கள். மில்காரர் சொன்னதுதான் விலை. மனு எழுதி எழுதிக் கலையரசனுக்குக் கையெழுத்து நன்றாகிவிட்டது. கம்பிதான் வரவில்லை.

இந்த நிலையில்தான் உலகப் பொருளாதாரப் போட்டித்திறன் வல்லுநர் குழு மலைக்கு வருகிறது என்ற சேதி வந்தது. கலையரசன் வீடு வீடாகப் போனான். "இவங்க சொன்னா டெல்லியே கேக்கும். ஒரு வார்த்தை காதுல போடுங்க, கரண்ட் தானா வரும்" என்றான். கூலி வேலையை விட்டுவிட்டு ஊரே வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தது.

வல்லுநர்களின் வரலாற்றைக் காலையில் பஸ்ஸில் வரும்போதே படித்துப் பார்த்திருந்தான். தசரதன், ஓய்வு பெற்ற உயர் அதிகாரி. ஜெனீவாவில் வர்த்தகப் பேச்சு நடத்தி, அயல்நாட்டுச் சரக்குக்கு நம் நாட்டுக் கதவைத் திறந்து வைத்தவர். ஓய்வுக்குப் பிறகு, அந்தக் கதவு வழியாக உள்ளே வந்த கம்பெனியிலேயே ஆலோசகர். அதாவுல்லா, தோல் ஏற்றுமதியாளர். ஜெர்மனியில் தொழிற்சாலை நடத்தியவர். அது மூடப்பட்ட பின், தொழிற்சாலைகளை மூடாமல் நடத்துவது எப்படி என்று அரசுக்கு யோசனை சொல்லும் குழுவில் உறுப்பினர். பேராசிரியர் அருணகிரி, எந்த நாடு முந்துகிறது, எந்த நாடு பிந்துகிறது என்று ஆண்டுதோறும் பட்டியல் போடுபவர். மூவரும் எங்கே தோற்றாலும் அதைவிட உயரமான நாற்காலியில் போய் விழுந்திருந்தார்கள்.

கலையரசன் தன் வரலாற்றை நினைத்துப் பார்த்தான். எம்.ஏ. பொருளாதாரம். அதற்குப் பிறகு ஒரு கமா போடக்கூட எதுவும் இல்லை.

சரி, ஆளைப் பார்த்து ஊகித்துவிடலாம் என்று முடிவு செய்தான். ஒருவர் வெயிலிலும் கோட்டைக் கழற்றவில்லை. இவர்தான் அதிகாரி. ஒருவர் கண்ணாடி போட்டிருந்தார். இவர் பேராசிரியர். மிச்சமிருப்பவர் தோல் ஏற்றுமதியாளர். கணக்குச் சரியாக வந்தது.

மைக்கைப் பிடித்து, தசரதனின் வரலாற்றை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான். கோட்டுக்காரர் எழுந்து கும்பிட்டார். மாலை விழுந்தது. கைதட்டல். கலையரசனுக்கு மூச்சு வந்தது.

"அடுத்து, நம்ம வட்டாரத்துத் தோல் தொழிலை ஜெர்மனி வரைக்கும் கொண்டுபோன ஜனாப் அதாவுல்லா அவர்கள்!"

மூன்றாமவர் எழுந்தார். அப்போதுதான் கலையரசன் அவர் முகத்தை நேராகப் பார்த்தான். நெற்றி நிறைய விபூதி. நடுவில் சந்தனப் பொட்டு.

பந்தலில் சலசலப்பு. முன்வரிசையில் இருந்த வசந்தி பக்கத்தில் திரும்பி, "இன்னாடி இது, பாய் துன்னூறு வச்சிக்கினு வந்துகிறாரு?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். மைக் வாங்கிக்கொண்டது.

கலையரசன் அவசரமாகக் கையைக் கூப்பினான். "மன்னிக்கணும். என் தப்பு. இவர்தான் பேராசிரியர் அருணகிரி" என்றான்.

"ஆமாமா, அருணகிரி" என்று தலையாட்டி, மாலைக்குக் கழுத்தை நீட்டினார் விபூதிக்காரர். முகத்தில் கோபமே இல்லை. என்ன பெருந்தன்மை என்று கலையரசன் உருகினான்.

"அப்படின்னா ஜனாப் அதாவுல்லா அவர்கள்..." என்று கண்ணாடிக்காரர் பக்கம் கையைக் காட்டினான்.

அவர் எழுந்திருக்கவில்லை. சங்கடமாகக் கோட்டுக்காரரைப் பார்த்துவிட்டு, "தம்பி, அருணகிரி நானு" என்றார்.

இப்போது மேடையில் இரண்டு அருணகிரிகள். அதாவுல்லா ஒருவர்கூட இல்லை. பாண்டுரங்கன் ஓரமாக நின்று பல்லைக் கடித்தார். வீடியோக்காரர் கேமராவை இறக்கிவிட்டார்.

கோட்டுக்காரர் மைக்கை நோக்கிக் குனிந்தார். "யாரா இருந்தா இன்னா தம்பி. மேல படிங்க. சாப்பாட்டுக்கு நேரமாவுது."

கலையரசனுக்கு ஒரு வழி தோன்றியது. பெயரையே விட்டுவிட்டான். "மேடையில் வீற்றிருக்கும் இவர்கள்..." என்று தொடங்கி, மூன்று வரலாற்றையும் ஒரே மூச்சில் சேர்த்து வாசித்தான். அதன்படி மூவரும் ஜெனீவா போனார்கள். மூவரும் ஜெர்மனியில் தொழிற்சாலை நடத்தி மூடினார்கள். மூவரும் பட்டியல் போட்டார்கள். ஒரு எழுத்தையும் விடக் கூடாது என்று உத்தரவு. அதனால் அவர்கள் பெற்ற விருதுகள், உட்கார்ந்த குழுக்கள், எழுந்துபோன மாநாடுகள் எல்லாவற்றையும் படித்தான். கைக்குழந்தைகள் அழுது ஓய்ந்தன. கிழவர்கள் தூங்கி விழித்தார்கள்.

முடித்து நிமிர்ந்தபோது பாண்டுரங்கன் மைக்கைப் பிடுங்கினார். "நேரமில்லாத காரணத்தால கேள்வி பதில் கிடையாது. எல்லாரும் போட்டோவுக்கு வாங்க."

கலையரசனுக்குச் சுருக்கென்றது. ஊர் பேச வேண்டிய நேரத்தை எல்லாம் அவன் வாசித்தே தின்றுவிட்டிருந்தான்.

"இருங்க சார். போட்டோ எங்கயும் ஓடிடாது." வசந்தி எழுந்துவிட்டாள். ஊரில் பெண்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி. "ஜெனீவாவுக்குப் போனவரு யாருங்க? அவருகிட்ட ஒண்ணு கேக்கணும்."

மேடையில் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒண்ணாதாம்மா போனோம்" என்றார் கோட்டுக்காரர்.

"அப்ப மூணு பேரும் கேளுங்க. உலகத்தோட போட்டி போடுங்கன்னு பேனர்ல போட்டுகிறீங்க. போடறோம், வாணாங்கல. ஆனா கீழ இருக்கற மில்லுக்காரனோடவே எங்களால போட்டி போட முடியல. பஸ்ஸு கூலி, ஏத்துக்கூலி, எறக்குக்கூலி போவ, அவன் குடுக்கறத வாங்கிக்கினு வர்றோம். இதோ, உங்க முதுகுக்குப் பின்னாடி மிஷினு கீது. எலி குட்டி போட்டு வெச்சிகிது அதுல. எங்களுக்கு ஜெனீவா வாணாம். ஒரு கம்பி இழுத்துக் குடுங்க, போதும்."

கோட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "போட்டித்திறன்னா அது... மனசுல இருக்குதும்மா" என்றார்.

"மனசுல இருந்தா மிஷினு ஓடுமாங்க?"

யாரோ சிரித்தார்கள். ஆனால் கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எங்க ஊர்லயும் இதே கதைதாம்மா" என்றார். உலகப் பட்டியல் போடுகிறவருக்கும் ஊர் என்று ஒன்று இருக்கிறது, அங்கேயும் கம்பி வரவில்லை. கலையரசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

விபூதிக்காரர் துள்ளி எழுந்தார். சூழலின் வேகம் அவரைப் பிடித்துக்கொண்டது போலும். "நான் பேசறேன்! யாருகிட்ட பேசணுமோ அவங்ககிட்ட பேசறேன். வர்ற பொங்கலுக்குள்ள இந்த மிஷினு ஓடும். இது சத்தியம்!"

அப்படி ஒரு கைதட்டலை அந்த மலை கேட்டதில்லை. விசில் பறந்தது. வசந்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பாண்டுரங்கன் மட்டும், வாயில் ஈ புகுந்தவர் மாதிரி நின்றார்.

சாப்பாட்டுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். வல்லுநர்கள் வேண்டாம் என்று சொல்லித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாமைச் சோற்றையும் நாட்டுக்கோழிக் குழம்பையும் மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட்டார்கள். ஜெர்மனியில் இருந்த மனிதர்கள் எவ்வளவு எளிமை என்று ஊர் வியந்தது. பெண்கள் குழு அவர்களுக்கு ஆளுக்கொரு மூட்டை சாமையும் ஒரு பாட்டில் தேனும் கொண்டுவந்து வேனில் ஏற்றியது. விதைக்கு வைத்திருந்த சாமை அது. கலையரசன் தடுத்துப் பார்த்தான்.

"வுடு தம்பி" என்றாள் வசந்தி. "கரண்டு வரப்போவுது. மூணு மூட்டையில இன்னா கொறஞ்சிடப் போறோம்?" பிறகு அவன் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்தினாள். "நீ வூடு வூடா வந்து கூப்டப்போ, சும்மா போட்டோ புடிக்கத்தான் கூட்டம் சேக்கறேன்னு நெனச்சேன். மனசுக்குள்ள உன்ன திட்டனேன்கூட. தப்பா நெனச்சிட்டேன் தம்பி."

கலையரசனுக்கு இத்தனை வருடத்தில் முதல் முறையாக, எம்.ஏ. பொருளாதாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கமா விழுந்தது போல இருந்தது.

ஒன்றே ஒன்றுதான் அவனை உறுத்தியது. அவ்வளவு பெரிய மனிதர்களை, ஊர் முன்னால், ஆள் மாற்றி ஆள் அறிமுகம் செய்து அவமானப்படுத்திவிட்டான். அவர்களோ முகம் சுளிக்கவில்லை. வண்டி கிளம்புவதற்குள் காலைத் தொட்டாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வேனை நோக்கி ஓடினான்.

உள்ளே மூவரும் சாப்பாட்டு மயக்கத்தில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். கோட்டு மட்டும் மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, முன் சீட்டில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. டிரைவர் பாலமுருகன் வேனின் முன்கண்ணாடியைத் துடைத்து முடித்து ஏறி உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம். சார்ங்கள எழுப்புங்க. பேர மாத்தி மாத்திப் படிச்சிட்டேன், ஒரு மன்னிப்பு கேட்டுக்கறேன்."

பாலமுருகன் அவனை விநோதமாகப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருகினார்.

"அட, அதுக்குப் போயி மன்னிப்பா? உங்க மேனேஜரு உன்கிட்ட ஒண்ணும் சொல்லலியா? நாளைக்கு ஒடுகத்தூர்ல வேற கூட்டம், அங்க இவங்கதான் கடலை விவசாயிங்க; கண்ணமங்கலத்துல கடை சாத்தறதுக்குள்ள மூணு பச்சைத் துண்டு வாங்கணும், வழிய வுடு தம்பி."